அரக்குச் சேலையும் நெற்றி விளக்கும்

ஓய்வு பெற்ற நர்சை யாரும் நிம்மதியாக ஓய்வெடுக்க விடுவதில்லை. போன மாதம் எங்கள் பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஜெயந்தி ஒரு கேள்வி போட்டாள். பரளச்சிப் பக்கம் பிரசவ அறையில் வேலை பார்க்கிற பெண் அவள். "அக்கா, தையல் போடுறப்ப நெத்தில மாட்டிக்கிற லைட்டு ஒண்ணு வாங்கணும். கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கணும். எது நல்லது?" கூடவே ஏழு படங்கள். ஏழிலும் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் நெற்றியில் விளக்கோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்து நாலு வருட சர்வீஸில் தையல் போடும்போது அப்படிச் சிரித்த ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை.

"படத்தைப் பாத்து வாங்காத. சனிக்கிழமை அருப்புக்கோட்டைக்கு வா, கடையில போயி பாப்போம்" என்று எழுதினேன். வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரிக் கடை. கடைக்காரர் மூன்று விளக்குகளை எடுத்து மேஜையில் வைத்தார். நான் கைப்பையிலிருந்து அரக்கு நிறத்தில் ஒரு சாண் பழந்துணியை எடுத்து விரித்து, "ஒரு செம்பு தண்ணி குடுங்க" என்றேன்.

குடிக்கத்தான் கேட்கிறேன் என்று அவர் கொடுத்தார். நான் துணியில் ஊற்றினேன்.

"ஏம்மா, லைட்டு வாங்க வந்தீகளா, கடையக் கழுவ வந்தீகளா?" என்றார் அவர்.

ஜெயந்தி வெட்கத்தில் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தத் துணிக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். குழுவில் மற்றவர்களும் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்ய என் கட்டைவிரலுக்குப் பொறுமை இல்லை.

மதுரையில் மூன்றரை வருடம் படித்தேன். ஹாஸ்டல் உப்புமாவையும் ஆபரேஷன் தியேட்டர் விளக்கையும் தவிர அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்த விளக்கு கூரையிலிருந்து பெரிய தாம்பாளம் மாதிரித் தொங்கும். கையை எப்படி வைத்தாலும் நிழல் விழாது. அதற்கடியில் தையல் பழகியவள், வெளிச்சம் என்றால் கூரையிலிருந்து தானாக வரும் என்று நம்பிக்கொண்டு திருச்சுழி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் வந்து இறங்கினேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இப்போது அங்கே இருக்கிறவர்கள் பாவம், அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அங்கே கழுத்து வளைகிற ஸ்டாண்டு விளக்கு ஒன்று இருந்தது. கழுத்தில் பிடிப்பு விட்டுப்போய், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மீட்டிங்கில் உட்கார்ந்தவர் மாதிரி மெல்ல மெல்லத் தலையைத் தொங்கப்போடும். முதல் தையலுக்கு வெளிச்சம் சரியாக இருக்கும். மூன்றாவது தையலில் அது தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையுறை போட்ட கையால் அதைத் தொடவும் கூடாது. அதனால் டார்ச் பிடிக்கிற வேலை ஆயா புஷ்பக்காவுக்கு வந்தது.

புஷ்பக்கா எம்.ரெட்டியபட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ரத்தத்துக்கோ அலறலுக்கோ அஞ்சுகிற ஆளே இல்லை. ஆனால் இன்னொரு பொம்பளையை அந்த நிலையில் உற்றுப் பார்ப்பது முறையில்லை என்பது அவர் கொள்கை. அதனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முகம் திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு கை, கையோடு டார்ச்.

"புஷ்பக்கா, லைட்டு இங்க!"

"இங்கதான சிஸ்டர் காட்டுறேன்."

"செவுத்துல இருக்க பல்லிக்குக் காட்டுறீக."

"பாத்துக்கிட்டே காட்டுனா அந்தப் புள்ள கூசிப் போகும்ல? அதான் பாக்காமக் காட்டுறேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தைக்கிறவளின் கண் போகிற இடத்துக்கு விளக்கும் போக வேண்டுமென்றால் அது தைக்கிறவளின் தலையிலேயே இருக்க வேண்டும் என்று எனக்குப் புத்தி வந்தது அப்போதுதான்.

முதல் விளக்கைத் திருச்சுழியில் ஒரு கடையில் வாங்கினேன். விவசாயிகள் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது தலையில் கட்டிக்கொள்கிற வகை. கடைக்காரர் மரியாதையாக, "எத்தன ஏக்கரு சிஸ்டர்? கெணறா, போரா?" என்று கேட்டார்.

"பிரசவத்துக்குங்க" என்றேன்.

"மாட்டுக்கா?" என்றார்.

விளக்கு தலையில் இருக்கும், பேட்டரிப் பெட்டி இடுப்பில் தொங்கும், நடுவில் ஒரு ஒயர். நிமிர்ந்து வரப்பில் நடக்கிறவருக்கு அது சரி. நான் குனிந்து வேலை செய்கிறவள். குனிந்தால் ஒயர் இழுக்கும், பட்டை வழுக்கிக் கண்ணை மூடும். ஒரு மாதத்தில் அதை என் அண்ணன் வாங்கிக்கொண்டு போய் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினான்.

இரண்டாவது, கையை முன்னால் ஆட்டினால் எரிகிற வகை. சுவிட்சைத் தொடவே வேண்டாம் என்று ஏகப்பட்ட சந்தோஷத்தோடு வாங்கினேன். ஆட்டினால் எரியும் என்றால் ஆட்டினால் அணையும் என்பது எனக்குத் தோன்றவில்லை. நூலை இழுத்துக் கை உயரும்போதெல்லாம் அணைந்தது. மறுபடி கையை ஆட்டினேன். கட்டிலில் படுத்திருந்த பெண் வலியையும் மறந்து, "யாருக்கு சிஸ்டர் டாட்டா காட்டுறீக?" என்று கேட்டாள்.

மூன்றாவதை என் தம்பி சென்னையிலிருந்து வாங்கி வந்தான். எடையே தெரியாது. பேட்டரி பின்மண்டையில் இருந்ததால் முன்னால் வழுக்காது. பால் வெள்ளை வெளிச்சம், உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம், வட்டத்துக்குள் நூலின் முறுக்குக்கூடத் தெரியும். என் தையல் வரிசையாக, அளவெடுத்தது போல வர ஆரம்பித்தது. பக்கத்து நிலையத்து நர்சுகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் புது டாக்டரம்மா வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லியான தேகம், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். புஷ்பக்காவைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். பிரசவ அறைக்குள் நுழைந்ததும் ஒரே மாதிரியாக மூன்று காரியம் செய்வார். முதலில் கட்டிலில் இருக்கிற பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு முகத்தைப் பார்ப்பார். அப்புறம் அடிவயிற்றில் கை வைத்துக் கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பார், அது தளர்ந்தால் ரத்தம் நிற்காது. கடைசியாகப் பெண்ணின் இடுப்புக்கு அடியில் கையை விட்டு எடுத்து, அந்தக் கையைப் பார்ப்பார். எத்தனை அவசரம் என்றாலும் இந்த வரிசை மாறாது. என் தையலை அதற்கப்புறம்தான் பார்ப்பார், சில நாள் பார்க்கவே மாட்டார். எனக்கு அது குறையாக இருந்தது.

ஒரு நாள் என் விளக்கை வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குங்க சிஸ்டர். ஏனுங்க, இந்த வட்டத்துக்கு வெளியில என்ன இருக்குன்னு தெரியுதுங்களா?"

"வெளியில என்ன மேடம் இருக்கு, காயம் உள்ளதான இருக்கு" என்றேன். டாக்டரம்மாவுக்கு என் விளக்கின் மேல் பொறாமை என்றுகூட நினைத்தேன். அந்த அளவுக்கு முற்றியிருந்தது எனக்கு.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரசவத்துக்கு வருகிறவர்கள் அடியில் விரிக்கப் பழைய சேலை கொண்டுவருவார்கள். அது கறுப்பு, அரக்கு, ஊதா என்று அழுத்தமான நிறமாகத்தான் இருக்கும். கறை தெரியக் கூடாது, துவைக்கிற இடத்தில் நாலு பேர் பார்க்கக் கூடாது. நாங்களும் அதையேதான் சொல்லி அனுப்பினோம். வெளிர் நிறத்தில் யாராவது கொண்டுவந்தால் புஷ்பக்கா வாசலிலேயே திட்டுவார்.

ஒரு ஐப்பசி மாதம், பகல் பதினொரு மணி இருக்கும். நாகலட்சுமி என்ற பெண்ணை ஷேர் ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். அருப்புக்கோட்டையில் தறி வைத்திருக்கிற குடும்பத்து மருமகள். வீட்டில் தெலுங்கு, வெளியில் நம்மைப் போலத் தமிழ். இரண்டாவது பிரசவம். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வந்த இடத்தில், இன்னும் இரண்டு வாரம் இருக்கையிலேயே வலி கண்டுவிட்டது. கையில் ஒரு பையும் இல்லை. கூட வந்த அத்தை, அந்தச் சொந்தக்காரர் வீட்டில் கிடைத்த அரக்குப் பருத்திச் சேலையை நாலாக மடித்துக் கொடுத்தாள். கெட்டி நெசவு. புஷ்பக்கா தடவிப் பார்த்து, "இதுதான் துணி. ஒரு சொட்டுத் தெரியாது" என்று பாராட்டி விரித்தார்.

சிரமமில்லாமல் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி முழுசாக வந்தது. ஊசி போட்டேன், கருப்பையைத் தொட்டுப் பார்த்தேன், பந்து மாதிரிக் கெட்டியாக இருந்தது. சின்னதாக ஒரு கிழிசல், நாலைந்து தையல் போட்டால் தீர்ந்தது. அப்போது கரண்டு போனது. காதுகுத்துக் கூட்டம் பாதி வெளியே நின்றதால் ஜன்னல் திரையையும் இழுத்து மூடியிருந்தோம். எனக்கென்ன கவலை, நெற்றியில்தான் விளக்கு இருக்கிறதே. தைக்க உட்கார்ந்தேன்.

அழகாக வந்தது தையல். ரத்தம் கொஞ்சம் கசிந்தது, பஞ்சால் ஒற்றிக்கொண்டே தைத்தேன். நாகலட்சுமி நடுவில் ஏதோ சொன்னாள். "முடிஞ்சிருச்சும்மா, அசையாத" என்றேன். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட்டாள். மறுபடி ஒன்று. "தூக்கம் வருதா? தூங்கு, தூங்கு" என்றேன். ரத்தம் நிறையப் போனால் கொட்டாவி வரும் என்று மதுரையில் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

வெளி நோயாளிகளைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வந்து வாசலில் நின்றார். மூன்றாவது கொட்டாவி அவர் காதில் விழுந்தது.

"நாகலட்சுமி, என்னம்மா பண்ணுது?"

பதில் இல்லை. டாக்டரம்மா நேராகப் போய்த் திரையை இழுத்துத் தள்ளினார். பகல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. அந்தப் பெண்ணின் உதட்டில் நிறமே இல்லை. டாக்டரம்மா வயிற்றில் கை வைத்தார். பந்தாக இருந்த கருப்பை பிசைந்த மாவு மாதிரித் தளர்ந்து போயிருந்தது. இடுப்புக்கு அடியில் கையை விட்டு எடுத்தார். மணிக்கட்டு வரை சிவப்பு. நாலு மடிப்புச் சேலையும் குடித்திருந்தது. என் வட்டத்துக்கு ஒரு சாண் கீழேதான் அது இருந்தது.

"கருப்பையத் தொட்டுப் பாத்து எத்தனை நேரமாச்சுங்க சிஸ்டர்?"

"இருபது நிமிசம் மேடம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கையை உள்ளே விட்டு முஷ்டியாக மடக்கி, இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்து, கருப்பையை நடுவில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். "புஷ்பம்மா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. சிஸ்டர், ரெண்டு கையிலயும் ஊசி ஏத்துங்க. டியூப் போட்டு மூத்திரப் பைய காலி பண்ணுங்க, அது நெறஞ்சிருந்தா கருப்பை சுருங்காதுங்க. ட்ரிப்ல மருந்தப் போடுங்க." எல்லாம் செய்தேன். அவர் கைக்கு எந்த விளக்கும் தேவைப்படவில்லை, கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினார்.

ஆம்புலன்ஸிலும் அவர் பிடியை விடவில்லை. மேலிருந்து அழுத்துகிற கை மட்டும் மரத்துப்போனதால் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். அருப்புக்கோட்டை வரை இரண்டு கையாலும் அந்தப் பெண்ணின் வயிற்றை அழுத்திக்கொண்டே போனேன். பாதி வழியில் டிரைவர், "சிஸ்டர், அந்த லைட்ட அமத்துங்க, கண்ணாடியில பட்டு என் கண்ணுல அடிக்குது" என்றார். நெற்றி விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க எனக்குக் கை இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம் நாகலட்சுமி கண்ணைத் திறந்து, "புள்ள எங்க?" என்று கேட்டாள் என்று டாக்டரம்மா வந்து சொன்னார். நான் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் செத்திருந்தால் என் கையால் செத்திருப்பாள்.

மறுநாள் மெமோ வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. டாக்டரம்மா பிரசவ அறைத் திரையை மூடினார். புஷ்பக்கா துவைத்து வைத்திருந்த அதே அரக்குச் சேலையை மடித்துக் கட்டிலில் போட்டார். என்னை விளக்கைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் பார்க்காதபோது சேலையில் சிவப்பு மை கலந்த தண்ணீரை ஊற்றினார்.

"எவ்வளவு இருக்குங்க?"

வெள்ளை வெளிச்சத்தில் துணியும் ஈரமும் ஒரே கறுப்பாகத் தெரிந்தன. "ரெண்டு கரண்டி இருக்கும் மேடம்."

அவர் காலியான செம்பைக் காட்டினார். அப்புறம் தன் அறையிலிருந்து சாதாரண மஞ்சள் விளக்கைக் கொண்டுவந்து பக்கவாட்டில் பிடித்தார். நனைந்த இடம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று ஓரம் தனியாகத் தெரிந்தது. "லைட்ட நான் குத்தம் சொல்லலைங்க. வாங்கறப்ப இந்தத் துணிய வெச்சுப் பாத்து வாங்குங்க" என்றார். அவ்வளவுதான் அவர் கொடுத்த தண்டனை.

அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் வெள்ளைத் துணி மட்டும்தான். "வெள்ளையில கறை பட்டா யாரு வெளுக்குறது?" என்று புஷ்பக்கா ஒரு வாரம் முணுமுணுத்தார். பிறகு கறுப்புச் சேலையோடு வருகிறவர்களை வாசலில் திட்ட ஆரம்பித்தார். யாரும் கேட்டு வராத அந்த அரக்குச் சேலையில் ஒரு சாண் கிழித்து நான் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் சர்வீஸ் முடிகிறவரை நான்கு விளக்கு வாங்கினேன். நாலும் அந்தத் துணியில் பாஸானவை.

கதை இதோடு முடிந்தது என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். நாகலட்சுமி என்னை எங்கே பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடுவாள், "இந்த சிஸ்டருதான் என்னையக் காப்பாத்துனாக" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லுவாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு குறுகிப்போகும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அருப்புக்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

"நாகு, நான் உன்னையக் காப்பாத்தலம்மா. நான் பாக்காம விட்டுட்டேன். டாக்டரம்மாதான் பாத்தாக."

அவள் காயைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும் சிஸ்டர்."

"என்ன தெரியும்?"

"கீழ ஈரமா இருக்கு, ஈரமா இருக்குன்னு நாந்தான ரெண்டு தடவ சொன்னேன். முடிஞ்சிருச்சும்மா, அசையாதன்னீக."

விளக்கின் நிறம், வட்டத்தின் அளவு, துணியின் மடிப்பு எல்லாம் எனக்கு நினைவிருந்தது. அவள் ஏதோ சொன்னாள் என்பதும் நினைவிருந்தது. என்ன சொன்னாள் என்று அத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

"கோவம் வரலையா உனக்கு?"

"வந்துச்சு. அப்பறம் ஆம்புலன்ஸுல லேசா முழிச்சேன். நீங்க அழுதுக்கிட்டே எம் வயித்த அமுக்கிக்கிட்டு இருந்தீக, நெத்தியில லைட்டு எரியுது. எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தீக. அதுக்கு முன்னால ஒருவாட்டிகூட பாக்கல சிஸ்டர்." கத்தரிக்காயைத் தராசில் போட்டாள். "பாத்தீகள்ல, அது போதும்."

இனி கடைக்கு வருவோம். ஜெயந்தியிடம் இதைச் சொல்லி முடித்த கையோடு விளக்குகளை ஒவ்வொன்றாக அந்த ஈரத்துணிமேல் பிடித்தேன். முதல் விளக்கில் துணி முழுக்க ஒரே கறுப்பு, தள்ளி வைத்தேன். மூன்றாவது கையை ஆட்டினால் எரிகிற வகை, தொடவே இல்லை. இரண்டாவதில் நனைந்த ஓரம் பளிச்சென்று தெரிந்தது. வட்டம் ஒரு முறத்தைவிட அகலம், ஓரத்திலும் வெளிச்சம் குறையவில்லை. அந்த விளக்கில் ஜெயந்தியின் உள்ளங்கையைப் பார்த்தேன், உள்ளங்கை நிறமாகவே இருந்தது. பட்டையைக் கழற்றித் துவைக்கலாம். சுவிட்சு பெரிது, பக்கத்தில் நிற்கிறவர்கூட அமுக்கிவிடலாம்.

ஜெயந்தி தலையில் மாட்டிக்கொண்டு சுவிட்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். "அக்கா, மூணு அளவு இருக்கு. பெருசு தையலுக்கு, நடுவுல உள்ளது துணியப் பாக்க. இந்தக் கடைசி அளவு எதுக்கு? இம்புட்டு மங்கலா இருக்கு, இத வச்சு ஒரு முடிச்சுகூடப் போட முடியாது."

"அதப் போட்டுக்கிட்டு எம் மூஞ்சியப் பாரு" என்றேன்.

பார்த்தாள். என் கண் கூசவில்லை. வெளிச்சத்துக்குப் பின்னால் அவள் முகமும் எனக்குத் தெரிந்தது.

"இப்பக் கேளு."

"என்னக்கா கேக்க?"

"கீழ ஈரமா இருக்கான்னு கேளு. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வேற எங்கயும் பாக்காத."

ஜெயந்தி இந்தத் தடவை வாசல் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள். "கீழ ஈரமா இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இருக்காமப் பின்ன? வந்ததுலேர்ந்து அதத்தானம்மா நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன், எவ கேக்குறா?"

அந்த விளக்கையே வாங்கினோம்.